பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி எதற்கு? பண்டிகைச் சாப்பாடும் 1964 புயலும்

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகி):
கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கள் வீட்டில் இருபது பேர் கூடுவோம். பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கே சாப்பாடு போட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் பெரியவர்கள் உட்கார்ந்து பழைய கதை பேசுவோம். இந்த வருடம் பிள்ளைகளையும் சேர்த்தே உட்கார வைப்போம் என்கிறார் என் கணவர். புயல், சாவு, அகதி என்று பேசுகிற இடம், சின்னப் பிள்ளைகள் காதில் அதெல்லாம் விழ வேண்டாம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

08-12-2024, ஞாயிறு இரவு

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எங்கள் வீடு பாம்பனில். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்கும் முதல் பந்திதான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பாயைப் போட்டுத் தூங்கு என்பார்கள். யார் தூங்கினார்கள்? கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டிருப்போம். உள்ளே தட்டுச் சத்தம், சிரிப்பு, நடுநடுவே அப்பாவின் குரல். பாதி விழும், பாதி விழாது. அப்படிப் பாதியாகக் காதில் விழுந்த வார்த்தைதான் "போட் மெயில்". ரயிலே படகு மாதிரி கடலில் மிதந்து இலங்கைக்குப் போகும் என்று ஒன்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரிடம் கேட்பது? நான்தான் தூங்குகிறேனே.

அதனால் "காதில் விழ வேண்டாம்" என்பது நடக்காத காரியம். எப்படியும் விழும். முழுசாக விழுகிறதா, அரைகுறையாக விழுகிறதா, கேள்வி கேட்க வழி இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

08-12-2024, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மூன்று வருடம் சாயங்கால வகுப்பு எடுத்தேன். இருபது பிள்ளைகள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் பற்றித் தெரியுமா என்று ஒரு நாள் கேட்டால் நான்கு பேர் கை தூக்கினார்கள், நான்கு பேருக்கும் தெரிந்தது யூடியூப்பில் "பேய் நகரம்" என்று பார்த்ததுதான். அதில் இரண்டு பிள்ளைகளின் தாத்தா வீடே தனுஷ்கோடி. வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. பாட்டன் பிறந்த ஊரைப் பேய் நகரம் என்று அந்தப் பிள்ளை சொல்லக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

11-12-2024

பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் நான்கு வயதுப் பிள்ளையைக்கூட ஓரியூருக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே போய் என்ன சொல்கிறோம்? 1693ஆம் வருடம் பிப்ரவரி 4ஆம் தேதி அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ என்ற பாதிரியார்) தலையை இங்கேதான் வெட்டினார்கள், அவர் ரத்தம் பட்டுத்தான் இந்த மண் சிவந்தது என்கிறோம். பிள்ளை அந்தச் சிவப்பு மண்ணை அள்ளிக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பிள்ளை பயந்துவிடும் என்று யாரும் அன்றைக்குத் தடுப்பதில்லை. ஏனென்றால் பக்கத்தில் நாம் இருக்கிறோம், கையைப் பிடித்திருக்கிறோம், கதையை முடித்தும் வைக்கிறோம். புயல் கதைக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

முந்நூறு வருடத்துக்கு முந்தின கதை என்றால் நமக்கு வலிக்காது, அறுபது வருடத்துக் கதை என்றால் வலிக்கும். சொல்லத் தயங்குவது நம் வலிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தப்பில்லை. ஆனால் அதைப் பிள்ளை பெயரில் எழுத வேண்டாம்.

15-12-2024

எப்படி உட்கார வைப்பது என்று மண்டபத்து அம்மாவே திரும்பக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளை ஒரு வரிசையாக உட்கார வைக்காதீர்கள். அது பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும், ஐந்து நிமிடத்தில் ஒருவனை ஒருவன் கிள்ள ஆரம்பிப்பான். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு பெரியவர் என்று மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். சாப்பாட்டில் நண்டு இருந்தால் இன்னும் நல்லது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரியாணி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிள்ளை எழுந்து ஓடிவிடும். நண்டு அப்படி இல்லை. பக்கத்தில் இருக்கிற பெரியவர்தான் கொடுக்கை உடைத்து, ஓட்டை உரித்து, சதையை எடுத்து இலையில் வைக்க வேண்டும். ஒரு காலை உடைத்து முடிப்பதற்குள் ஒரு கதை நகர்ந்துவிடும். பிள்ளையின் கண் நண்டு மேல், காது கதை மேல். வாடைக் காலத்தில் வடகடல் முரடாக இருப்பதால் ஆம்பளைகளும் வீட்டில் இருப்பார்கள், அவசரம் கிடையாது.

"கேளு, தாத்தா சொல்றாங்க பாரு" என்று அதட்டி உட்கார வைக்காதீர்கள். அப்படி உட்கார வைத்த பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. எழுந்து போனால் போகட்டும், திரும்பி வரும்.

இன்னொன்று, பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைக்கு வருடம் வேண்டாம், முதலில் ஆள் வேண்டும். "1897 ஜனவரி 26, விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் இறங்கினார்" என்றால் ஒன்றும் நிற்காது. "நீ குளிக்கிற அந்தக் குந்துகால் கரையில ஒருத்தர் கப்பல்ல வந்து இறங்குனாரு, ராமநாதபுரம் ராஜாவே வந்து காத்துக்கிட்டு நின்னாரு" என்று சொல்லிப் பாருங்கள். "எதுக்கு ராஜா நிக்கணும்?" என்று கேள்வி வரும். பாஸ்கர சேதுபதி, சிகாகோ பயணம், அதற்கு ராஜா செய்த உதவி எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தானே வந்துவிடும்.

எங்கள் அப்பாவிடம் ஒரு கதை உண்டு. புயலில் போன பாம்பன் பாலத்தை மூன்றே மாதத்தில் கட்டி ரயில் விட்டார்கள் என்பார். மீனவப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

16-12-2024

நேற்று எழுதியதில் திருத்தம். என் மகன் (பன்னிரண்டு வயது) படித்துவிட்டுத் தப்பு என்றான், தேடியும் காட்டினான். ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன் முடித்துக் காட்டியது 46 நாளில். அப்போது அவருக்கு வயது 32. கடலுக்குள் விழுந்து கிடந்த இரும்பு கர்டர்களைத் தேடித் தூக்கி, அதையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அப்பா சொன்ன மூன்று மாதம், கெடுவாகக் கொடுத்தது. நாற்பது வருடமாக இதைக் கேட்கிறேன், சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

22-12-2024, ஞாயிறு

இன்றோடு அறுபது வருடம். இதை எழுதும்போது வெளியே நல்ல காற்று.

தெரியாதவர்களுக்காக: 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கிவிட்டது, சிக்னல் விழவில்லை, நின்று பார்த்துவிட்டு நகர்ந்தபோது அலை அடித்தது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போனது. புயலில் மொத்தம் 1,800 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஸ்டேஷன் சுவர், கோயில் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இன்னும் மணலில் நிற்கின்றன.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதோடு சேர்த்துச் சொல்கிற இன்னொரு கதை, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டது. பெரியவர்களுக்கு அதுதான் சுவாரசியம். போன வருடம் அதைச் சொன்னபோது பிள்ளைகள் "யாரு அவங்க?" என்று கேட்டார்கள், அப்புறம் சாவித்திரி யார் என்று விளக்குவதிலேயே அரை மணி நேரம் போயிற்று. அதுவும் வரலாறுதான்.

நாளை மறுநாள் நடுச்சாமப் பூசை. தம்பி குடும்பம் திருப்பூரிலிருந்து மதுரை வழியாக வருகிறது, அக்கா குடும்பம் சென்னையிலிருந்து. பழைய பாலத்தில் 2022 டிசம்பர் 23இலிருந்தே ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் இன்னும் திறக்கவில்லை. மண்டபத்தில் இறங்கிப் பஸ்ஸில்தான் வர வேண்டும். வந்தவுடன் எழுதுகிறேன்.

26-12-2024, வியாழன்

நேற்று இரவு நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு பேர். நடு அறையில் பாய் விரித்து, வாழை இலை போட்டு, இடியாப்பம், ஆட்டுக்கறிக் குழம்பு, நண்டு. அப்பாவுக்குப் பக்கத்தில் தம்பி மகள், ஏழு வயது. வழக்கம் போல அப்பா ஆரம்பித்தார். புயல் ராத்திரி, காற்று, இருட்டு. அப்புறம் எல்லோரும் காத்திருக்கிற இடம்: "அந்த ரயில் விளக்கு வரிசையாத் தண்ணிக்குள்ள எறங்குறத நான் இந்தக் கண்ணால பாத்தேன்." இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே வாக்கியம், அதே தாழ்ந்த குரல்.

சின்னவள் நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, நீங்க பாம்பன்லதான இருந்தீங்க? ரயிலு தனுஷ்கோடியிலதான முழுகுச்சு?"

என் மகன் உடனே, இருபது கிலோமீட்டருக்கு மேல வரும் என்றான்.

தம்பி "சாப்பிடு, பேசாத" என்று அவளை அதட்டினான். நான் "இரு" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இலையில் இருந்த இடியாப்பத்தை விரலால் பிரித்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. அப்புறம் அவளைப் பார்த்தே சொன்னார்: "இல்லத்தா. பாக்கல. ஊதல் சத்தம் கேட்டேன். எங்க வீட்டுக்குப் பின்னாலதான தண்டவாளம். அந்தக் காத்துலயும் அது ஊதிக்கிட்டுப் போனது கேட்டுச்சு. எனக்குப் பதிமூணு வயசு. இந்த மழையில எங்க போகுதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அத்தனை வருடமாகக் கேட்ட விளக்குக் கதையைவிட அந்த ஊதல் சத்தம் என்னை உலுக்கிவிட்டது. அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஊரே சொல்லிச் சொல்லி, கேட்டது பார்த்தது ஆகியிருக்கும். ஆனால் அவரிடமே இருந்த சொந்தக் கதையை எங்களில் ஒருவரும் கேட்டு வாங்கவில்லை.

அது முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அவளே அடுத்ததைக் கேட்டாள். "அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வந்துச்சா தாத்தா?"

அதற்குப் பதில் சொன்னது அப்பா இல்லை. அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்த அம்மா.

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கள் அம்மா பிறந்தது தனுஷ்கோடியில். புயலுக்கு இரண்டு நாள் முந்தித் தங்கச்சிமடத்தில் அத்தை வீட்டுக்கு வந்ததால் பிழைத்தவர். அப்போது ஒன்பது வயது. புயல் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. வருடா வருடம் அந்தக் கதை நடக்கும் நேரத்தில் அம்மா பரிமாறிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் அடுப்படியில் இருப்பார். அது தற்செயல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"வந்துச்சுத்தா. மூணே நாள்ல வந்துச்சு. கூரை இல்ல. ஈரப் பாயில உக்காந்து கஞ்சி குடிச்சோம். எனக்குப் பச்சைச் சீட்டித் துணியில பாவாடை தைக்கக் கொடுத்திருந்தாங்க, தனுஷ்கோடித் தையக்காரர்கிட்ட. திங்கக்கிழமை வாங்கிக்கலாம்னாரு. பூசைக்குப் போகையில பாவாடை எங்கன்னு கேட்டு அழுதேன். எங்க அப்பா அடிச்சுட்டாரு. அதுவரைக்கும் என்னை அடிச்சதே இல்ல. அவரு தங்கச்சி அங்க இருந்தா. எனக்கு அது அப்பத் தெரியல."

இவ்வளவுதான் சொன்னார். கரண்டியில் இருந்த குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் எழுந்து போய் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு, "பச்சைன்னா எந்தப் பச்சை அப்பத்தா?" என்றாள். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, வெட்டாமல் வைத்திருந்த வாழை இலையின் குருத்தைக் காட்டினார்.

பிறகு அம்மாவை உட்கார வைத்து அக்கா பரிமாறினாள். எங்கள் வீட்டுப் பண்டிகைப் பந்தியில் எல்லோரோடும் சேர்ந்து அம்மா உட்கார்ந்தது நேற்றுதான்.

27-12-2024

சின்னவள் நேற்று ராத்திரி தூங்கவில்லை. இரண்டு தடவை அழுதுகொண்டே எழுந்தாள். தம்பி மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 11ஆம் தேதி நான் எழுதியதை யாரும் இப்போதைக்கு வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசித்து எழுதுகிறேன்.

28-12-2024

காலையில் அவளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். வத்தைகளை (சின்னப் படகுகளை) கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்தோம். என்ன பயம் என்று நான் கேட்கவில்லை, அவளே கேட்டாள்: "அத்தை, ரயிலுக் கதவ யாராச்சும் தொறந்து விட்டாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அந்த ரயில் இன்னும் கடலுக்குள்ளேயே நிற்கிறது, ஆட்கள் உள்ளே உட்கார்ந்து கதவு திறக்கக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு ராத்திரியாக அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. நாங்கள் கதையை அலையோடு நிறுத்திவிட்டோம். அப்பா எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். பெரியவர்களுக்கு மிச்சம் தெரியும், அதனால் நிறுத்தினாலும் முடிந்துவிடும். பிள்ளைக்கு அங்கே முடியாது, உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் மிச்சத்தையும் சொன்னேன். இல்லை கண்ணு, அவங்க அன்னைக்கே இறந்துட்டாங்க, அவங்களுக்கு இப்ப வலி இல்ல, பயம் இல்ல, யாரும் காத்துக்கிட்டு இல்ல. மறுநாள் எல்லாரும் தேடிப் போனாங்க. பிழைச்சவங்களுக்குக் கஞ்சி காய்ச்சினாங்க. அப்புறம் பாலத்தை எடுத்துக் கட்டினாங்க. நாற்பத்தாறே நாள். "கடல்ல விழுந்த இரும்பையா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம், அதே இரும்பை. இறந்ததைப் பற்றிச் சொன்னதைவிட அந்த இரும்பைத் தூக்கியது எப்படி என்பதுதான் ரொம்ப நேரம் ஓடியது. கயிறா, எத்தனை பேர் இழுத்தார்கள், கரைவலை இழுக்கிற மாதிரியா?

வீட்டுக்கு வந்து நாள்காட்டியை எடுத்து, இன்றைக்கே வேலை ஆரம்பித்ததாக வைத்து 46 நாள் எண்ணினாள். பிப்ரவரி 11இல் வட்டம் போட்டிருக்கிறாள். ராத்திரி தூங்கினாள்.

11ஆம் தேதி எழுதியதில் ஒரு வரி இருக்கிறது, "கதையை முடித்தும் வைக்கிறோம்" என்று. ஓரியூருக்கு அதைச் சொன்ன நான், என் வீட்டுக் கதையில் அதைச் செய்யவில்லை. தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

03-01-2025

இதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

புத்தாண்டு அன்று மதியம் பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட வந்திருந்தார். 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர், கொஞ்ச நாள் மண்டபம் முகாமில் இருந்தார், பிறகு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று சின்னவள் கேள்வி கேட்டதைப் பார்த்த தைரியத்தில் என் மகன் அவரிடமும் ஆரம்பித்தான். "ஆன்ட்டி, நீங்க போட்ல வரும்போது யாராவது செத்தாங்களா?" அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். சோறு அப்படியே இருந்தது.

அவன் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லித் தரவில்லை. தாத்தாவிடம் கேட்பதும் விருந்தாளியிடம் கேட்பதும் ஒன்று இல்லை. தாத்தா தானாகச் சொல்ல வந்தவர். இந்த அக்கா சாப்பிட வந்தவர். மண்டபம் முகாமைப் பற்றிப் பொதுவாக நான் அவனுக்குச் சொல்லலாம்; வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஆட்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடமே பின்னால் அகதி முகாம் ஆனது என்பது வரைக்கும் சொல்லலாம். அந்த அக்கா படகில் என்ன நடந்தது என்பது அவருடையது. அதை எடுத்துப் பந்தியில் வைக்க எனக்கே உரிமை கிடையாது, அவனுக்கு எங்கே இருக்கும்?

சாயங்காலம் அவனே தூக்குச் சட்டியில் பாயசம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் காலிச் சட்டியோடு வந்தான்.

16-01-2025

பொங்கல் லீவு. அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார், இதைப் பற்றி அங்கே ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று. எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்று இரண்டு உளவியல் பேராசிரியர்கள். 2001 வாக்கில் இருபது கேள்வி தயார் செய்து பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்கள்: உன் அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, வீட்டில் நடந்த ஒரு கஷ்டம் தெரியுமா, இந்த மாதிரி. வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுப் பேச்சையும் பதிவு செய்து கேட்டார்களாம். சொந்த வீட்டுக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன் மேல் நம்பிக்கை அதிகமாக இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். நம் குடும்பம் ஏறுமுகமாகவே வந்தது என்று சொல்வதைவிட, ஏறினோம், இறங்கினோம், மறுபடி எழுந்தோம் என்று சொல்கிற கதைதான் பிள்ளைக்கு அதிகம் உதவும் என்கிறார்கள்.

படித்தவுடன் அலையோடு நிறுத்தியதும் 46 நாளும்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இருபது கேள்வியையும் அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பரீட்சை ஆகிவிடும். நான் என்னிடமே கேட்டுப் பார்த்தேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மாவின் அந்தச் சின்ன அத்தை பெயர் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் அம்மாவிடம் போய்க் கேட்டேன். சொன்னார். சும்மா பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "உன் கண்ணு அவ கண்ணுதான்" என்றார்.

11-02-2025

காலை ஏழு மணிக்குத் திருப்பூரிலிருந்து போன். "அத்தை, பாலம் முடிஞ்சிருச்சு!"

02-04-2025

நோன்புப் பெருநாளுக்குக் கீழக்கரைத் தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். நம் கேள்விக்கு அங்கே எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. சகன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுகிறார்கள். என் மகன் உட்கார்ந்த சகனில் தோழியின் அத்தா, அவள் தம்பி, இன்னொரு பையன். தனிப் பந்திக்கு அங்கே இடமே இல்லை. பெரியவர் கறியைப் பிய்த்துப் பிள்ளை பக்கம் தள்ளிவிடுகிறார், தள்ளிக்கொண்டே பேசுகிறார்.

அவர் சொன்னது சீதக்காதி கதை. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த வள்ளல் அவர்கள் ஊர்க்காரர், கிழவன் சேதுபதி காலத்தவர். என் மகன், "செத்தப்புறம் எப்படிக் குடுக்க முடியும்?" என்று கேட்டான். புலவர் வந்தபோது வள்ளல் இறந்துவிட்டார், அடக்கம் செய்த இடத்தில் நின்று புலவர் பாட, உள்ளேயிருந்து மோதிரம் போட்ட கை வெளியே வந்தது என்று சொன்னார். அது கதை, ஆனால் அவர் உமறுப்புலவரை ஆதரித்ததும், சீறாப்புராணம் பிறந்ததும் நடந்தது என்று பிரித்தும் சொன்னார். எது கதை, எது நடந்தது என்று அந்த வயதிலேயே பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் அப்பாவின் விளக்குக் கதைக்கும் ஊதல் சத்தத்துக்கும் நடுவே அப்படி ஒருவர் இருந்திருக்கலாம்.

21-04-2025, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஜூன் 14 வரைக்கும் ஆம்பளைகள் வீட்டில்தான்.

6ஆம் தேதி புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். தம்பி குடும்பம் மதுரையிலிருந்து ரயிலிலேயே பாம்பன் வந்து இறங்கியது. பாலத்தில் வரும்போது சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாளாம். தம்பி மனைவிதான் சொன்னாள், என்னிடம் இப்போது நன்றாகப் பேசுகிறாள். எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒருவரிடம், "அந்த இரும்ப கடல்லேருந்து எடுத்தாங்க, நாப்பத்தாறு நாளு" என்று சின்னவள் சொன்னாளாம். அவர் இல்லையென்று தலையாட்ட, "எங்க அத்தைகிட்டக் கேளுங்க" என்றாளாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் மச்சான் ஒருவர், வெளியூர், அப்பாவிடம் அந்த ரயில் கதையைக் கேட்டார். அப்பா, "நான் பாக்கல, சத்தம் மட்டும் கேட்டேன்" என்றுதான் ஆரம்பித்தார். அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. அப்பா முடித்ததும் அம்மா தனுஷ்கோடி வீடு எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம், தையற்காரர் கடை எங்கே என்று இலையில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கிக் காட்டினார். சின்னவள் ஒரு வெண்டைக்காயை எடுத்து ரயில் தண்டவாளமாக வைத்தாள். அம்மா அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், ஸ்டேஷன் இவ்வளவு கிட்ட இல்லை என்று.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டு இத்தனை வருடம் ஆகியும் அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. மே மாதம் போகலாமா என்று சின்னவள் கேட்டதற்குச் சரி என்றார். ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. வெயில் கொளுத்துவதற்குள் காலையிலேயே கிளம்ப வேண்டும். துணிக்கடையில் பச்சைச் சீட்டி கிடைக்கிறதா என்று அக்காவைச் சென்னையில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், குருத்து இலைப் பச்சை.